உப்புக்காற்றில் ஸ்பீக்கர் ஒயர்: தங்கச்சிமடம் வீட்டு வேலைக் குறிப்பு

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டு ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். 14 அடி நீள ஹால் இப்போது 24 அடி. சோபா பின்னுக்குப் போய்விட்டது. 5.1 செட்டின் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு மட்டும் ஒரு சப்வூஃபர்) சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால், பின்னாலிருந்து வர வேண்டிய சத்தம் முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒயரை நீட்டி அவற்றைச் சோபாவுக்குப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்றுதான் மச்சான் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தபோது, நீட்டும் வேலைக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கோளாறுகள் மூன்று இருந்தன. இடது சரவுண்டை மாட்டினால் ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) டக்கென்று ஓய்ந்து சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அதனால் யாரோ அந்த ஒயரைப் பின்னாலிருந்து உருவிப் போட்டிருக்கிறார்கள். வலது சரவுண்ட் பகலில் ஒழுங்காகப் பாடும், பொழுது சாய்ந்தால் கரகரக்கும், பிறகு அடங்கிவிடும். முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடத்தான் செய்கின்றன. ஆனால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த பிறகு பேஸ் போய்விட்டது, பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கிடக்கிறது.

ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போன மெக்கானிக், ரிசீவர் போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தார். மச்சானும் புதுச் செட்டுக்குப் பாதி மனசாகத் தயாராகிவிட்டார். "மாப்ள, நீ ஒரு தடவை பாரு. இல்லாட்டி ராம்நாட்டுக்குப் போயி புதுசா எடுத்துருவோம்" என்றார்.

நம் கரையில் பழசென்று தூக்கிப் போடுகிற செட்டுகளில் பலவற்றுக்குப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. கெட்டது ஒயராக இருக்கும். ஒயரிலும் ஜாயிண்டாக இருக்கும். அதனால் பெட்டியைத் திறக்கும் முன்னால் ஒயரை அளந்து பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு பேனா பேட்டரியும் போதும்.

முதலில் ரிசீவரையே சந்தேகத்திலிருந்து விடுவித்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருந்த எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் கலர் டேப் சுற்றி அடையாளம் வைத்தேன். முன் இடது வெள்ளை, முன் வலது சிவப்பு, சென்டர் பச்சை, சரவுண்ட் இடது நீலம், சரவுண்ட் வலது சாம்பல். பல செட்டுகளின் பின்பக்கத்திலேயே இந்த நிறங்கள் அச்சிட்டிருக்கும், அதையே பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கும் குழப்பம் இல்லை. ஒரு ஸ்பீக்கரும் இல்லாமல் செட்டைப் போட்டு வால்யூமை ஏற்றினேன். அணையவில்லை. இந்த டக் சத்தம் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் விடுபடும் சத்தம். வெளியே எங்காவது ஒயர் இரண்டும் ஒட்டிக்கொண்டு கரண்ட் அளவுக்கு மீறி இழுத்தால், டிரான்சிஸ்டர் கருகாமல் இருக்க ரிசீவர் தானே ஸ்பீக்கரைத் துண்டித்துக்கொள்ளும். ஒன்றும் மாட்டாதபோது நின்று, ஒரு குறிப்பிட்ட ஒயரை மாட்டினால் மட்டும் அணைகிறது என்றால் குற்றம் அந்த ஒயர் பக்கம்.

அடுத்து, நல்ல ஒயர் என்று தெரிந்த 2 மீட்டர் துண்டு ஒன்றை எடுத்து, 5 ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாக ரிசீவர் பக்கத்தில் வைத்து மாட்டிப் பார்த்தேன். ஐந்தும் பாடின. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் செட்டை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயர் நுனி இரண்டும் ஒரு கணம் உரசினாலும், பாதுகாப்பு வேலை செய்வதற்குள் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

புதுச் செட்டு வேண்டாம் என்பது அந்த இடத்திலேயே உறுதி. இனி ஒயர்.

மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். என் மீட்டரில் 0.3 காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை. எந்த அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். அரை ஓம், கால் ஓம் என்று தேடுகிற வேலையில் இதை விட்டால் கணக்கே தப்பாகிவிடும். பெட்டியில் 6 ஓம் என்று போட்ட ஸ்பீக்கர் மீட்டரில் 5 ஓம் சுற்றித்தான் காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 சொச்சம் காட்டும். போட்டிருக்கும் எண், பாட்டு ஓடும்போது ஏறி இறங்குகிற மின்தடைக்கானது. மீட்டர் பார்ப்பது சுருளின் நேர்மின் தடையை. குறைகிறதே என்று பயப்பட வேண்டாம்.

ரிசீவர் பக்க நுனியிலிருந்து, மறுமுனையில் ஸ்பீக்கர் மாட்டியபடியே அளந்தேன். முன் இரண்டும் 5.4. சென்டர் 5.1. வலது சரவுண்டில் எண் நிற்கவே இல்லை: 11, பிறகு 40, ஒயரைப் பரணுக்குப் பக்கத்தில் லேசாக அசைத்ததும் ஒன்றுமே இல்லை. இடது சரவுண்ட் 0.9. ஸ்பீக்கர் சுருளே 5 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.9 என்றால், கரண்ட் ஸ்பீக்கர் வரை போகவே இல்லை, வழியிலேயே திரும்பிவிடுகிறது.

இந்த ஷார்ட் எங்கே என்று சுவரை உடைக்காமல் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். ஒயரின் இரண்டு பக்கத்தையும் கழற்றிவிடுங்கள். ரிசீவர் பக்கமிருந்து ஒரு அளவு, ஸ்பீக்கர் பக்கமிருந்து ஒரு அளவு. இங்கே 0.9, 0.4. இரண்டையும் கூட்டினால் 1.3. ரிசீவர் பக்க அளவை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.69. ஒயர் போகும் வழியில் நூல் பிடித்து அளந்தால் மொத்த நீளம் 11 மீட்டர். 11-ஐ 0.69-ஆல் பெருக்கினால் 7.6. ஆக ரிசீவரிலிருந்து ஏறக்குறைய 7.6 மீட்டரில் இரண்டு கம்பியும் ஒட்டியிருக்கின்றன. ஒயர் எந்த உலோகம், எத்தனை தடிமன் என்று தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கு வரும், ஏனென்றால் விகிதம்தான் இங்கே பேசுகிறது. ஒட்டிய இடத்திலேயே கொஞ்சம் தடை இருந்தால் விடை நிஜ இடத்தைவிட ஒயரின் நடுப்பக்கம் சற்று நகர்ந்து வரும். அதனால் கிடைத்த புள்ளியிலிருந்து நுனிப் பக்கமாகவும் அரை மீட்டர் சேர்த்துத் தேட வேண்டும்.

நூலைப் பிடித்துக்கொண்டு போனால் 7.6 மீட்டரில் நிற்கிறது அக்காவின் கல்யாணப் படம். படத்தை இறக்கினால் பின்னால் 2 அங்குல ஆணி, சுவருக்குள் இந்த ஒயர் போகிற பைப்பின் மேல் நேராக.

"ஆமா தம்பி, பெயிண்ட் காஞ்சு படத்தை மாட்டுன அன்னைக்கு ராத்திரிதான் சிவப்பு லைட்டு எரிய ஆரம்பிச்சுச்சு" என்றார் அக்கா. மீட்டரை மாட்டியபடியே ஆணியைப் பிடுங்கினேன். 0.9 மறைந்து திறந்த சுற்று காட்டியது.

ஆனால் ஆணி போனால் போதும் என்று அந்த ஒயரையே மறுபடி ஓட்ட எனக்கு மனமில்லை. தோல் கிழிந்த இடத்தில் கடற்காற்று நுழைந்துவிடும். இன்னொரு காரணம், 1.3 ஓம் என்ற கூட்டுத்தொகை. 11 மீட்டர் ஒயரில் போகவர 22 மீட்டர் கம்பி. ஒயரின் மேல் 0.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்) என்று அச்சிட்டிருந்தது. சுத்தச் செம்பாக இருந்தால் அந்தத் தடிமனுக்குக் கிலோமீட்டருக்கு 39 ஓம், அதாவது 22 மீட்டருக்கு 0.86 ஓம்தான் வர வேண்டும். ஒன்றரை மடங்கு காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது முழுச் செம்பு இல்லை.

சந்தேகம் வலது பக்க ஒயரை அறுத்தபோது தீர்ந்தது. அந்த ஒயர் முதலில் நீளம் போதாமல், பரணுக்குள் ஜன்னலை ஒட்டி முறுக்கி இணைத்து டேப் சுற்றப்பட்டிருந்தது. டேப்பைப் பிரித்ததும் பசை கறுத்து விரலில் ஒட்டியது. உள்ளே நீலப்பச்சைத் தூள், அதற்கு நடுவில் வெள்ளைத் தூள். முறுக்கை அவிழ்க்கப் போனால் இழைகள் ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்தன. தோலை இன்னும் 3 அங்குலம் உரித்துப் பார்த்தேன், அங்கேயும் கறுப்பு. இழைகளுக்கு நடுவிலிருக்கும் சந்தில் ஈரம் ஏறி உள்ளே போயிருக்கிறது. ஒரு இழையை நகத்தின் மேல் வைத்து பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசி, ஸ்பீக்கர் ஒயர் என்று விற்ற சரக்கு.

கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊரில், வறண்ட அறையில், நீளம் குறைவாக இருந்தால் இந்த ஒயரும் ஓடும். நமக்கு ஒத்துவராது. செம்பும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அதுவே ஒரு சின்ன பேட்டரி ஆகி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். அந்த வெள்ளைத் தூள் அதுதான். அதோடு ஒரே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குத் தடை.

பகலில் பாடி இரவில் கரகரத்ததற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மழை பெய்தால்தான் ஜாயிண்ட் நனையும் என்பதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கும். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல் என்று இருக்கிற தீவில் பொழுது சாய்ந்தால் ஈரப்பதம் ஏறிவிடும். பகல் வெயிலில் காய்ந்து எப்படியோ ஒட்டியிருக்கிற ஜாயிண்ட், ராத்திரி உப்புநீர்ப் படலத்துக்குள் முழுகிவிடுகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்பக்க ஜன்னல், வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடபக்க ஜன்னல், எந்தப் பருவத்திலும் ஏதோ ஒரு பக்கம் உப்பு உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த உப்பின் பலத்தை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருவோடு மல்லுக்கட்டாத வருஷம் இருந்திருக்காது. கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் கொடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே இந்தக் கவனிப்பு வேண்டும் என்றால், டேப் சுற்றிய மெல்லிய இழை எத்தனை நாள் தாங்கும்?

ஒயர் வாங்கும் முன் நீளம் போட்டேன். வலது சரவுண்டுக்கு வாசல் நிலையைச் சுற்றிப் போக 16 மீட்டர், இடதுக்கு 13 மீட்டர். போகவரக் கம்பியின் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் இருக்கும் கணக்கு. 16 மீட்டருக்கு 32 மீட்டர் கம்பி. 1.5 ஸ்கொயர் செம்பு கிலோமீட்டருக்கு 13.3 ஓம், அதில் 0.43 ஓம் வரும். 6 ஓம் ஸ்பீக்கருக்கு 7 சதவீதம். 2.5 ஸ்கொயர் கிலோமீட்டருக்கு 7.98 ஓம், 0.26 ஓம் வரும். 4 சதவீதம் சொச்சம். அதனால் 2.5. பழைய முலாம் ஒயரையே 16 மீட்டருக்கு நீட்டியிருந்தால் 1.9 ஓம், ஸ்பீக்கரின் ஓமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவு தடை ஒயரிலேயே இருந்திருக்கும். சத்தம் 2 டெசிபலுக்கு மேல் குறையும். வால்யூமைக் கூட்டி அதைச் சரிக்கட்டலாம். ஆனால் ஸ்பீக்கரின் தடை ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், ஒயரில் இழக்கிற பங்கும் சுருதிக்குச் சுருதி மாறும். அந்த மாற்றம் வால்யூமில் சரியாகாது.

இடதும் வலதும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று சிலர் மிச்ச ஒயரைச் சுருட்டிப் பின்னால் வைப்பார்கள். தேவையில்லை. 3 மீட்டர் வித்தியாசத்தால் ஏற்படும் தாமதம் காதுக்கு எட்டவே எட்டாது.

ஒயர் பற்றி பாம்பனில் படகுகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடமும் கேட்டேன். படகில் வைக்கிற ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி) ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு இழையும் வெள்ளி நிறம். "தம்பி, இது ஈயம் பூசுன செம்பு. வெறும் செம்ப கடல்ல விட்டா கறுத்துப் போயி நிக்கும்" என்றார். ஈயம் என்று அவர் சொன்னது வெள்ளீயத்தை. இதையும் முலாம் பூசிய அலுமினியத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, இரண்டிலும் வெள்ளி நிறம் வருகிறது. பிளேடு வைத்தால் தெரிந்துவிடும்: மேலே வெள்ளை உள்ளே சிவப்பு என்றால் நமக்கு வேண்டிய நல்ல ஒயர், மேலே சிவப்பு உள்ளே வெள்ளை என்றால் வாங்க வேண்டாம். கையில் தூக்கிப் பார்த்தாலும் அலுமினியச் சுருள் எடையே இருக்காது. அந்த வெள்ளீயம் பூசிய ஒயர் எனக்கு வேண்டிய தடிமனில் கிடைக்கவில்லை. 2.5 ஸ்கொயர் இரட்டைக் கம்பி ஃப்ளெக்ஸிபிள் ஒயரை, மேலே முழு உறை போட்டது, சுத்தச் செம்பா என்று சுரண்டிப் பார்த்து, 35 மீட்டர் ஒரே துண்டாக வாங்கினோம்.

ஒரே துண்டு என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய ஒயரோடு புது ஒயரை ஒட்டினால் பாதிச் செலவு மிச்சம் என்று மச்சானுக்குத் தோன்றியது நியாயம்தான். ஆனால் கடற்கரை வீட்டில் ஒவ்வொரு ஜாயிண்டும் அடுத்த கோளாறுக்கு நாமே போட்டு வைக்கும் இடம், அதுவும் பரணுக்குள்ளும் சுவருக்குள்ளும் கை எட்டாத இடத்தில். ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை நடுவில் எதுவும் கூடாது.

சுவருக்குள் இருந்த பழைய பைப்பை விட்டுவிட்டேன். அதில் ஒரு வளைவுக்குப் பிறகு மின்சார ஒயரும் சேர்ந்து போகிறது. ஸ்பீக்கர் ஒயரை 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் போடுவது ஆபத்து. தோல் உரிந்தால் ரிசீவர் மட்டுமில்லை, ஸ்பீக்கரைத் தொடுகிற ஆளும் மாட்டிக்கொள்வார். கூரைக்கு அரை அடி கீழே பிவிசி கேசிங் அடித்து, மின்சார ஒயரிலிருந்து ஒரு அடி தள்ளியே கொண்டுபோனேன். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்குத்தாகக் கடந்தேன். தரையோரம் அடித்தால் கண்ணில் படாது. ஆனால் தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிற தரை. கேசிங்குக்கும் ஸ்பீக்கர் மாட்டும் பிராக்கெட்டுக்கும் நைலான் பிளக், ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ. பெட்டியோடு வந்த முலாம் ஸ்குரூவை ஒன்றுகூட அடிக்கவில்லை.

நுனி வேலையில்தான் அதிக நேரம் போனது, போக வேண்டியதும் அங்கேதான். வெளி உறையை வேண்டிய அளவு மட்டும் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கி, வெள்ளீயம் பூசிய ஃபெரூல் குழாயைச் சொருகி, கிரிம்ப் பிளேயரால் அழுத்தினேன். ஃபெரூல் இருந்தால் ஒரு இழைகூடப் பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொடாது. ரிசீவர் அணைவதற்கு இப்படிப் பிரிந்த ஒற்றை இழையே காரணமாக இருப்பது உண்டு. சிலர் நுனிக்கு சால்டர் ஏற்றிவிட்டு ஸ்குரூவில் இறுக்குவார்கள். சால்டர் மெத்து உலோகம், அழுத்தத்தில் மெல்ல நெகிழும், கொஞ்ச நாளில் ஸ்குரூ தளர்ந்துவிடும். ஃபெரூலின் பின்பக்கமும் உறை முடிகிற இடமும் மூடும்படி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினேன். பசை உருகி ஓரத்தில் ஒரு மெல்லிய வளையமாக வெளியே எட்டிப் பார்க்கும் வரை காட்ட வேண்டும். அந்த வளையம் வந்தால்தான் இழைச் சந்தில் ஈரம் ஏறும் வழி அடைபட்டது என்று அர்த்தம். சாதாரண ஸ்லீவில் இது கிடைக்காது.

சரவுண்ட் ஸ்பீக்கர்களின் ஸ்பிரிங் கிளிப் துருப்பிடித்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளிப்பின் உள்வாயை 600 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேய்த்தேன். ரிசீவரின் தங்கமுலாம் டெர்மினலை எமரி வைத்துத் தேய்க்கக் கூடாது, முலாம் மிக மெல்லியது, துணியும் ஆல்கஹாலும் மட்டும் போதும். புளி, எலுமிச்சை, உப்பு போட்டுப் பித்தளை விளக்கு தேய்க்கிற முறையும் இங்கே வேண்டாம். பளபளப்பு வரும், உப்பு உள்ளே தங்கிவிடும். மாட்டி இறுக்கிய பிறகு, வெளிப்பக்கமாக மட்டும் விரல் நுனியில் வாஸ்லின் தொட்டுப் பூசினேன், காரிலும் படகிலும் பேட்டரி டெர்மினலுக்குப் பூசுகிற மாதிரியே.

ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒயரை மட்டும் தனியாகச் சோதித்தேன். இரண்டு நுனியும் திறந்திருக்க, கம்பிகளுக்கு நடுவில் மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. ஒரு நுனியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மறுநுனியில் கணக்குப் போட்ட தடை வர வேண்டும். 16 மீட்டர் ஒயரில் மீட்டர் 0.6 காட்டியது, 0.3 கழித்தால் 0.3, எதிர்பார்த்த 0.26-க்குப் பக்கம். இந்த மீட்டரில் அதைவிட நுணுக்கமாகப் பார்க்க முடியாது.

முன் ஸ்பீக்கர்களின் பேஸ் விஷயத்துக்குப் பேனா பேட்டரி வந்தது. ரிசீவர் பக்கம் கழற்றிய ஒயர் நுனிகளில், கோடு போட்ட கம்பிக்கு பேட்டரியின் பிளஸ், மற்றதற்கு மைனஸ் என்று ஒரு கணம் மட்டும் தொட்டேன். மச்சான் வலை மூடியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கூம்பு வெளியே தள்ளியது. வலது கூம்பு உள்ளே இழுத்தது. பெயிண்ட் அடிக்க இறக்கி வைத்தவர்கள் திரும்ப மாட்டும்போது வலதில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ள, மற்றது அதே நேரம் இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நம் வெக்கையில் ஒலி வேகம் விநாடிக்கு 350 மீட்டர் என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர், ஏறக்குறைய இந்த ஹாலின் நீளமே. அத்தனை பெரிய அலைக்கு ஆறடி இடைவெளியில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே இடத்தில் இருப்பதுபோலத்தான். உயர்ந்த சுருதிகளில் அலை சிறியதாக இருப்பதால் முழுக்க அழியாமல் கலைந்து கேட்கும், குரல் நடுவில் நிற்காமல் போனது அதனால். வலதில் இரண்டு கம்பியையும் மாற்றி மாட்டியதும் செய்தி வாசிப்பவர் குரல் டிவிக்கு நேர் நடுவில் வந்து நின்றது. மச்சான் சோபாவில் போய் உட்கார்ந்து அதே செய்தியை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரவுண்ட் இரண்டையும் சோபாவில் உட்கார்பவரின் காது உயரத்துக்கு 2 அடி மேலே, நேர் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால் மாட்டினோம். டிவிக்கு நேரான திசையை 0 என்று வைத்தால் 110 டிகிரி, 5.1-க்கான சர்வதேச அளவு 100-லிருந்து 120 வரை விடுகிறது. ரிசீவரோடு வந்த மைக்கை வைத்துத் தானியங்கி அளவெடுப்பை ஓட்டினேன். இப்போது தூரங்கள் மாறிவிட்டதால் இதைச் செய்யாமல் விடக் கூடாது. ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒலி ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதமாகிறது. சில ரிசீவர்கள் இந்த அளவெடுப்பில் பிளஸ் மைனஸ் மாறியிருப்பதாக எச்சரிக்கும். சுவர் எதிரொலியால் அது தவறாகவும் வருவதுண்டு. பேட்டரி வைத்துப் பார்த்துவிட்டால் அந்தப் பேட்டரிச் சோதனையையே நம்பலாம். ரிசீவர் செட்டிங்கில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் (சிறியது) என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான சத்தத்தைச் சப்வூஃபருக்கு அனுப்பினேன்.

சப்வூஃபரை மூலைக்கு நகர்த்தியதும் ஓயாத ஒரு உம் சத்தம் வந்தது. ரிசீவரிலிருந்து சப்புக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரைப் பிடுங்கினால் நின்றது, ஆகவே சப் நல்லபடிதான் இருக்கிறது. அது வேறு சுவரின் பிளக்கில் இருந்ததால், இரண்டு எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் உள்ளே வந்திருக்கிறது. ரிசீவர் மாட்டியிருக்கும் அதே போர்டுக்கு சப்பின் பிளக்கையும் கொண்டுவந்ததும் அடங்கியது. எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்பும் ஈரமும் உள்ள வீட்டில் அந்தப் பின் உயிரைக் காக்கிற பின்.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல், காற்று ஈரமான பிறகு, வலது சரவுண்டை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டோம். கரகரப்பு இல்லை. ஒயரைக் கேசிங் நெடுக விரலால் தட்டிப் பார்த்தும் சத்தம் அறுபடவில்லை.

எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ரிசீவருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். வாடை தொடங்குகிற ஐப்பசிக்கு முன்னால் மச்சான் டெர்மினல்களை ஒரு சுற்று இறுக்கி, அதே இடங்களில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வலது சரவுண்ட் ஸ்பீக்கரோடு சேர்த்து இப்போது 5.3, அது 6-க்கு மேல் ஏறினால் முதலில் ஸ்பிரிங் கிளிப்பைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டியாயிற்று, அந்தப் பைப்பில் ஸ்பீக்கர் ஒயர் இனி இல்லை; ஆனால் வளைவுக்கு அந்தப்புறம் மின்சார ஒயர் போகிறது என்பதால் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்.

சென்டர் ஸ்பீக்கருக்கு மட்டும் இன்னும் பழைய முலாம் ஒயர். நீளம் குறைவு, நடுவில் ஜாயிண்டும் இல்லை, அதனால் இப்போதைக்கு ஓடுகிறது. வாங்கிய சுருளில் 4 மீட்டர் மிச்சம் இருக்கிறது, ஃபெரூலும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் மாற்றிவிடுவேன்.